தீபாவளி வரைக்கும் ஓடுகிற ஆயில்

என் மெக்கானிக் கடைக்கு வண்டி ஆயில் மாற்ற வருகிறவர்களிடம் மூவாயிரம் கிலோமீட்டர், ஆறாயிரம் கிலோமீட்டர் என்று சொன்னால் ஒருத்தர் மண்டையிலும் ஏறாது. அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். தினம் எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்று கேட்டு, மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டு, "இத ஊத்துனா ஆடிக் கிருத்திகைக்கு வரணும், அத ஊத்துனா கார்த்திகை தீபத்துக்கு வந்தா போதும்" என்பேன். உடனே புரிந்துவிடும். பாதிப் பேர் விலை அதிகமான, ரொம்ப நாள் ஓடுகிற சிந்தெட்டிக் ஆயிலையே கேட்பார்கள். ஒலிமுகமதுபேட்டையில் வேறு எந்தக் கடைக்காரனுக்கும் இந்த சாமர்த்தியம் கிடையாது என்று எனக்கு ஏகப்பட்ட திமிர். போன ஆவணியில் கங்கையம்மாள் அக்கா இறந்ததோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

அக்காவுக்குப் பிறந்த ஊர் தாமல். வாழ்க்கைப்பட்டது முசரவாக்கம். பத்து வயதிலிருந்து ஊரார் நிலத்தில் நாற்று நட்டவர். அப்புறம் செங்கல் சுமந்தார். அதற்கும் அப்புறம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் தரை துடைத்தார். வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணத்தில் கழுத்துக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. புருஷனுக்கு ஒரு பழைய நூறு சிசி வண்டி வாங்கினார். புருஷன் வீராசாமி அண்ணன் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர், கையில் காசு நிற்காது. "ஊட்ல ஒரு பொருளாவது எம் பேர்ல இருக்கட்டும்" என்று அக்கா வண்டியைத் தன் பேரிலேயே பதிந்துகொண்டார்.

ஆயில் மாற்றும்போதெல்லாம் அக்காவும் கூட வருவார். வடித்த பழைய ஆயிலை இரண்டு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, "தீஞ்சி போச்சி, இத்தினி நாளு ஓட்டுனதே தப்பு" என்று புருஷனைத்தான் திட்டுவார். வண்டி வாங்கி நாலு வருடம் கழித்து, சர்க்கரை அவருடைய இரண்டு சிறுநீரகத்தையும் தின்றுவிட்டது. டயாலிசிஸுக்கு முறை கிடைத்தது செங்கல்பட்டில். வாரம் மூன்று நாள். பஸ் மாறி மாறிப் போய்வர உடம்பில் தெம்பில்லை என்று அண்ணன் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது அக்கா அசதியில் தூங்கி விழுவார். ஒரு பழைய நூல்புடவையால் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது, "இன்னாண்ணா, இந்த வயசுல ஜோடி" என்று கிண்டல் செய்தேன். என் வாயில் வசம்பை வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

போன ஆடி கடைசியில் ஒரு திங்கட்கிழமை மதியம் இருவரும் ஆயில் மாற்ற வந்தார்கள். அக்காவின் முகமும் காலும் வீங்கியிருந்தன. ஆனாலும் பழைய ஆயிலைத் தொட்டுப் பார்க்கக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வயதான எஞ்சினுக்கு சாதா ஆயிலே போதும். அது எனக்கு நன்றாகத் தெரியும். ரப்பர் சீல் தேய்ந்த எஞ்சினில் சிந்தெட்டிக் ஊற்றினால் கசிந்தாலும் கசியும். இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"செங்கல்பட்டு போய்வர நூறு கிலோமீட்டரு. வாரத்துக்கு மூணு தபா. சாதா ஊத்துனா தீபாவளிக்கு வந்து நிக்கணும். சிந்தெட்டிக் ஊத்துனா பொங்கல் வரைக்கும் எம் மூஞ்சியே பாக்க வேணாம்ணா. எது ஊத்தட்டும்?"

அண்ணன் யோசிக்கவே இல்லை. "தீபாவளி வரைக்கும் போதும்பா" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் செத்துப்போனது. அக்கா விரலில் இருந்த ஆயிலைத் துணியில் நிதானமாகத் துடைத்தார்.

"ஏன், பொங்கலுக்கு நான் ஆஸ்பத்திரி போவ வேணாமா? டாக்டரு அப்டியா சொன்னாரு?"

"இல்ல கங்கா. காசு கொஞ்சம் கம்மியா இருக்குது, அதான்."

"காசப் பத்தி நீ எப்ப கவலப்பட்ட?"

அண்ணன் என் பக்கம் திரும்பி, "சிந்தெட்டிக்கே ஊத்துபா, பாபு" என்றார்.

"வேணாம்பா. அவரு மொதல்ல சொன்னதையே ஊத்து" என்றார் அக்கா.

நான் சாதா ஆயிலை ஊற்றினேன். கை தவறியதுபோல சிந்தெட்டிக் டப்பாவை உடைத்து ஊற்றியிருக்கலாம். அந்த நேரத்தில் அந்தப் புத்திகூட எனக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணன் தனியாக வந்தார். கடை வாசலிலேயே நின்றார்.

"வண்டியில ஏற மாட்டேன்றாபா. செவ்வாக்கெழமையும் போவல, நேத்தும் போவல. காலுல வுழுந்து கேட்டுட்டேன். தீபாவளிக்கு சாவுறதுக்கு இப்பவே செத்தா இன்னான்றா."

டாக்டர் சொன்னதை அப்போதுதான் என்னிடம் சொன்னார். அக்காவின் இதயம் தளர்ந்துவிட்டது, மூன்று மாதம் தாங்கினாலே பெரிது என்று சொல்லியிருக்கிறார்கள். இருபது நாளாக அதை யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார் மனிதர்.

"நீ ஊட்டுக்கு வந்து, அவ எதிர்லயே அந்த ஒசந்த ஆயில ஊத்துபா. உங் கணக்கு தப்புன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பா."

சனிக்கிழமை காலையில் முசரவாக்கம் போனேன். அக்கா வாசலில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. ஐந்து நாள்கூட ஆகாத ஆயிலைத் தகர டப்பாவில் வடித்தேன். தேன் மாதிரி இருந்தது. அதைக் கொட்ட வயிறு எரிந்தது. அவர் பார்க்கும்படி சிந்தெட்டிக்கை ஊற்றினேன்.

"அக்கா, அன்னிக்கி நான் ஒளறிட்டேன். உன் வண்டிக்கு சாதா ஊத்தவே கூடாது. அண்ணனுக்கு ஆயிலப் பத்தி இன்னா தெரியும், வாயில வந்தத சொல்லிட்டாரு. இனிமே ஆயில் மாத்தறது பொங்கலுக்குத்தான்."

அண்ணன் உதைத்து வண்டியைக் கிளப்பினார். வழக்கமாக இருமும் எஞ்சின் அன்றைக்கு ஒழுங்காக ஓடியது. "கங்கா, வா. ஏறு" என்றார். கூப்பிட்டுவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா என்னைத்தான் பார்த்தார். கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"உன் கணக்கு ஒண்ணும் தப்பில்லபா. அவரு யோசிச்சி சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். அவரு யோசிக்கவே இல்ல, பாத்தியா? அதான் எனக்குத் தெரிஞ்சிபோச்சி."

பிறகு புருஷனிடம், "நல்லா ஓடுது. நீ வச்சி ஓட்டு" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

அண்ணன் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். வண்டியை அணைத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் கை சாவிப் பக்கமே போகவில்லை. வெகுநேரம் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் நான்தான் சாவியைத் திருப்பினேன்.