கிரேக்க ராஜா சொன்ன வாக்கு

உலக வரலாற்றைக் கேலி செய்து நண்பர்கள் எடுத்த குறும்படத்தில் எனக்குக் கிரேக்க ராஜா வேடம். வரலாற்றுப் பரீட்சையில் இரண்டு முறை கோட்டைவிட்டவனிடம் ஒரு பேரரசையே கொடுத்துவிட்டார்கள். கதைப்படி, உலகையெல்லாம் வென்று தாமிரபரணிக் கரைக்கு வரும் ராஜா, உள்ளூர் விவசாயி ஒருவரிடம் தோற்க வேண்டும்.

அது தசரா சமயம். குலசேகரன்பட்டினத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேடம் கட்டியவர்கள் ஊரெல்லாம் நடமாடுவார்கள். கிரீடத்தோடு சீவலப்பேரி பஸ்ஸில் ஏறிய என்னையும் அப்படி ஒருவனாக நினைத்து, ஓர் அம்மா எழுந்து இடம் கொடுத்தார்.

"சாமி, எம்மவ நாளைக்கு வேலைக்கு இன்டர்வியூ போறா. பயத்துல சாப்பிடவே மாட்டேங்கா. ஒரு வாக்கு சொல்லும்."

"நான் சாமி இல்லக்கா, கிரேக்க ராஜா."

"எந்த ராஜாவா இருந்தா என்ன? சொல்லும் சாமி."

அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "உலகத்தையே ஜெயிச்சவன் சொல்லுதேன். வேலை கெடைக்கும்."

ஆற்றங்கரையில், விவசாயியாக நடித்த நண்பன் மண்வெட்டிக் காம்பால் என்னை மூன்று தடவை தள்ளினான். நான் விழவில்லை. விழுந்துவிட்டால் நான் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

"ஏலே, விழுலே!" என்று கத்தினான் எங்கள் இயக்குநர்.

"இன்டர்வியூ முடியட்டும்லே, நாளான்னைக்கு விழுதேன்" என்றேன்.