மெனேஜரின் சுபநேரம்

கெம்பஸில் என்னோடு படித்த கொழும்புப் பிள்ளைகள், முதல் வருடம் முடிவதற்குள்ளேயே "இன்டர்ன்ஷிப்" என்ற சொல்லைக் கல்யாணச் சேதி மாதிரிச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருத்தியின் மாமா வங்கியில் பெரிய ஆள். இன்னொருத்தியின் அப்பா கம்பனி ஒன்றில் பங்குதாரர். "இன்டர்வியூவுக்குப் போய் வந்தேன்" என்று இவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். மாமா வீட்டில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்ததற்குத்தான் அந்தப் பெயர்.

ஆனால் சிரித்துக்கொண்டே இருக்க எனக்கு வசதியில்லை. இரண்டாம் வருடத்தில் நிதித் துறைக்கு ஆள் எடுக்கும்போது, எங்காவது வேலை பழகியவர்களுக்குத்தான் முதலிடம் என்று பீடத்தில் சொல்லிவிட்டார்கள். மற்றவர்களை மிஞ்சிக் கிடக்கும் துறைகளுக்குள் தள்ளிவிடுவார்கள். எனக்கு நிதிதான் வேண்டும். அதற்கு ஏப்ரல் விடுமுறைக்குள் ஓர் இடம் பிடித்தாக வேண்டும். எனக்கும் ஒரு மாமா இருக்கிறார். இரத்தோட்டையில் த்ரீவீலர் ஓட்டுகிறார். அவர் சிபாரிசு செய்தால் பின் சீட்டில் இடம் கிடைக்கும்.

எங்கள் வீடு இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. விடுமுறைக்கு வந்த கையோடு பஸ் ஏறி மாத்தளை டவுனுக்குப் போய், படி படியாக ஏறி இறங்கினேன். ஒரு வங்கியில், கொழும்புத் தலைமைக் காரியாலயத்தைக் கேட்கச் சொன்னார்கள். கொழும்புக்குப் போன் எடுத்தால், பக்கத்துக் கிளையைக் கேட்கச் சொன்னார்கள். பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த கணக்காய்வாளர் ஒருவர் என் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்கவேயில்லை. "அப்பா எங்க வேல?" என்று மட்டும் கேட்டார். "தோட்டத்துல சேர், ஃபெக்டரியில" என்றேன். "ஆ" என்றார். அவ்வளவுதான். அந்த "ஆ"வைக் கேட்கத்தான் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்திருக்கிறேன் போல.

கடைசியாக ஏறியது ஒரு ஃபைனான்ஸ் கம்பனி. லீசிங், அடகு, வைப்பு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. தோட்டம் என்றதும் முகம் சுருங்கியவர்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அந்த மெனேஜருக்கு முகம் மலர்ந்தது. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"நங்கி தோட்டமா? சிங்களமும் நல்லாப் பேசுறீங்களே!" என்று சிங்களத்தில் வியந்தார். நங்கி என்றால் தங்கை. நாய் இரண்டு காலில் நடந்ததைப் பார்த்த மாதிரி வியப்பு. ஐந்தொகை, அதுதான் பெலன்ஸ் ஷீட், என்றால் என்ன என்றுகூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயத்துக்கு வந்தார்.

சித்திரைப் புதுவருடம் பிறந்ததும் நல்ல நேரம் பார்த்து, மூத்தவர் கையால் வெற்றிலையில் வைத்து வருடத்தின் முதல் காசை வாங்குவது கைவிசேஷம். சிங்களவர்களிடமும் அதே மாதிரி வழக்கம் உண்டு. கம்பனிகள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் கணக்குத் திறக்கும் சடங்காக்கிவிட்டன. வீட்டுப் பெரியவர் இருக்க வேண்டிய இடத்தில் டை கட்டிய மெனேஜர் நிற்பார். காசு கொடுப்பது மட்டும் நாங்கள்.

"விடுமுறை முடிஞ்சு ஆபீஸ் திறக்கிற வெள்ளிக்கிழமை, சுபநேரத்துக்கு உங்க ஆளுங்க ஒரு பஸ் நிறைய வரட்டும். ஆளுக்கு ஒரு கணக்கு. அப்புறம் நங்கிக்கு ஆறு வார டிரெய்னிங், செர்டிபிகேட் எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார். ஆக, கொழும்புக்காரிக்கு ஒரு மாமா போதும். எனக்கு ஒரு பஸ் நிறைய ஆள் வேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொழுந்து பறிக்கிறவள். யோசிக்கக்கூட இல்லை. அன்று பின்னேரமே லயம் லயமாக ஏறி இறங்கினாள். லயத்துச் சனங்கள் வழக்கமாக முதல் காசு வாங்குவது தோட்டத்துக் கோயில் பூசாரி கையால்.

"மொத காச கம்பனிக்காரன் கையில குடுக்கவா? அவன் என்னா நம்ம மாமனா மச்சானா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்.

"என் மவளுக்குக் குடுக்கிறதா நெனச்சிக்கோ" என்றாள் அம்மா.

எங்கள் பஞ்சாங்கத்தில் அந்த வெள்ளிக்கிழமை நல்ல நேரம் காலை ஏழிலிருந்து எட்டு வரை. முதல் பஸ்ஸிலேயே எல்லாரும் இறங்கிவிட்டோம். புதுச்சேலை, தலையில் பூ, காசு மடித்த வெற்றிலை. கம்பனி ஷட்டர் இழுத்து மூடியிருந்தது. மெனேஜருக்குப் போன் எடுத்தேன்.

"சுபநேரம் பத்தே முக்காலுக்குத்தானே, ஏன் இப்பவே வந்தீங்க?" என்றார், தூக்கக் குரலில்.

"சேர், எங்க பஞ்சாங்கத்துல ஏழு மணிக்கு. எட்டோட முடிஞ்சிரும். அதுக்கப்புறம் இன்னைக்கி வேற நல்ல நேரம் இல்ல."

"சுபநேரம்னா நாட்டுக்கே ஒண்ணுதானே நங்கி? டீவியில சொன்னாங்களே. இருக்கச் சொல்லுங்க" என்று போனை வைத்தார்.

மாத்தளையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். வருடா வருடம் எங்கள் தேர் அவர் ஆபீஸ் வாசலால்தான் போகிறது. எங்கள் காசு எந்தக் கிழமை எவ்வளவு கைக்கு வரும் என்பது அவருக்கு அத்துப்படி. எங்களுக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருப்பது மட்டும் தெரியாது. இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் அவர் எனக்குப் பயிற்சி தரப்போகிறார்.

எட்டு மணியாவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"அம்மா, டவுன் கோயில் கிட்டத்துலதான இருக்கு. எல்லாரும் ஓடுங்க. ஐயர் கையால வாங்கிக்கங்க. எனக்கு இந்த வேல வேணாம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு ஷட்டருக்கு முன்னால் படியில் உட்கார்ந்தாள்.

"வருசா வருசம் நல்ல நேரம் பாத்துத்தான் வாங்குனோம். என்னா கிழிஞ்சிச்சி? இந்த வருசம் கெட்ட நேரத்துல ஒருக்கா குடுத்துப் பாப்போம். நீ வாய மூடு."

பக்கத்து வீட்டு அக்கா சத்தமாகச் சிரித்தாள். "அதானே" என்று அவளும் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். எட்டு மணி வந்தது, போனது. ஒருத்தரும் மணி கேட்கவில்லை. நான் மட்டும் நின்றுகொண்டே இருந்தேன். அவர்களோடு உட்கார எனக்கு முகமில்லை.

பத்து மணிக்கு மெனேஜர், டீவியில் சுபநிறம் என்று சொன்ன நிறத்திலேயே சட்டை போட்டுக்கொண்டு வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார். பானையில் பால் பொங்கவிட்டார். பத்தே முக்காலுக்கு எங்கள் ஆட்கள் வரிசையாகப் போய், காலையிலிருந்து கையில் வாடிய வெற்றிலையோடு காசைக் கொடுத்தார்கள். படம் எடுத்தார்கள். கடைசியாக அம்மா கொடுத்தாள். மெனேஜர் திருப்தியோடு என் பக்கம் திரும்பினார்.

"திங்கட்கிழமை வாங்க நங்கி" என்றார் சிங்களத்தில். "பாத்தீங்கதானே, நல்ல நேரம் பாத்துச் செஞ்சா எல்லாம் சரியா வரும்."

"ஆமாம் சேர்" என்றேன்.

அம்மாவின் சிங்களம் கடைச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான். "என்னா பாப்பா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"திங்கக்கிழம வரச் சொல்றாரும்மா."

அம்மா இரண்டு கையையும் கூப்பி அவரைக் கும்பிட்டாள்.