பொறுப்புத் தாதிக்கு நான் கொடுத்த நோய்கள்

நோர்வேக்காரர் சிலர் ‘யா’ என்று ஆமோதிக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒஸ்லோவில் முதியோர் இல்லமொன்றில் உதவியாளராகச் சேர்ந்த கிழமை, நான் கேட்டதற்கெல்லாம் ஒரு கிழவர் ‘ஹ்யா, ஹ்யா’ என்று மூச்சை இழுக்க, மனுசனுக்குத் திணறுகிறது என்று அவசர மணியை அடித்துவிட்டேன். ஒட்சிசனோடு ஓடிவந்தார்கள். கிழவர் பாணில் பழுப்புச் சீஸை வைத்து ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பொறுப்புத் தாதி அதை விடவேயில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் நான் போய் உட்காரும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்து, கண்ணை உருட்டி, ‘ஹ்யா’ என்பாள். மேசை முழுக்கச் சிரிக்கும். “மூச்சை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ படுக்கை விரிப்பைப் பார்” என்றும் ஒருநாள் சொன்னாள். மட்டக்களப்பு ஆசுபத்திரியில் நெஞ்சுநோய் வாட்டில் தாதியாக நின்றவள் நான். ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்று கறுவிக்கொண்டேன். தாதி என்று எழுதிய பெயர்ப்பட்டியைக் குத்திக்கொண்டு, அதே மேசையில் அவளுக்கு நேரெதிரே உட்கார வேண்டும். அதற்கு வெளிநாட்டுத் தாதிகளுக்கான அங்கீகாரப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதில் ஆட்களை விழுத்துவது சுவாச நோய்த் தாள்தான் என்றார்கள்.

அந்தத் தாளில் நோயின் பெயர் இருக்காது. குறிகளைச் சிதறவிட்டிருப்பார்கள், பொறுக்கியெடுத்து நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். நோர்வேஜிய மொழியில் ஒரு குறியும் மனதில் நிற்கவில்லை. நாங்கள் குடியிருந்த ஸ்டோவ்னரிலிருந்து வேலைக்குப் போகும் ரயிலில் ஒருநாள், புத்தகத்து நோயாளிக்குப் பொறுப்புத் தாதியின் முகத்தைப் போட்டுப் பார்த்தேன். அப்படியே பதிந்துவிட்டது. பிறகென்ன! துருநிறச் சளியோடு நிமோனியா கொடுத்தேன். இதயத்தைத் தளரவைத்து, நுரையீரலில் நீர் கட்டி, இளஞ்சிவப்பு நுரை துப்பவைத்தேன். சிகரெட்டால் கெட்ட நெஞ்சோடு மேசையில் முழங்கையை ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதவைத்தேன். எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்துமா. இழுப்புச் சத்தம் அடங்கி ஆள் சோர்ந்தால், சுகமாகிறது என்று பலர் எழுதிவிடுவார்களாம். காற்றே போகாததால்தான் சத்தமில்லை, அது சாவுக்கு முந்தின கட்டம். அந்த இடத்தில் அவளை விட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டு இறங்குவேன். மனதுக்கு அவ்வளவு குளிர்ச்சி.

பரீட்சையில் விழுந்தேன். பரீட்சை வகுப்பு ஆசிரியை கூப்பிட்டு, விடைத்தாளைக் காட்டி, “நோயை உடனே பிடித்துவிடுகிறாய். பிறகு நோயாளியை அப்படியே விட்டுவிடுகிறாயே, ஏன்?” என்று கேட்டார்.

வீட்டில் வந்து சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற கணவருக்கு என் படிப்பு முறை தெரியும். பின்னேரங்களில் அவளுடைய சாவுகளை அவருக்குத்தான் ஒப்புவிப்பேன்.

“அவ செத்துப்போனா உம்மடை பட்டியை ஆர் பாக்கிறது?” என்றார்.

“என்ன சொல்லுறீங்கள்?”

“பழி வாங்கிறதெண்டாலும் ஆள் உயிரோடை இருக்கவேணுமப்பா. காப்பாத்தும்.”

அது எனக்குச் சரியாகப் பட்டது. அன்றிலிருந்து அவளை நிமிர்த்தி உட்காரவைத்தேன். ஒட்சிசன் கொடுத்தேன், சிகரெட்டால் கெட்ட நெஞ்சுக்கு மட்டும் அதைக் குறைத்து அளந்து கொடுத்தேன். மருத்துவரை அழைத்தேன். பக்கத்தை விட்டு நகரவில்லை. எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான். பிழைத்தெழுந்து எனக்கு நன்றி சொல்வதாக நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும். மறுபரீட்சையில் அந்த ஆஸ்துமாக் கேள்வியே வந்தது. காப்பாற்றினேன். சித்தி.

பட்டி கைக்கு வந்த அன்று, அதை நேராகக் குத்திக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனேன். அவளுடைய கதிரையில் வேறொருத்தி இருந்தாள். பொறுப்புத் தாதி ஸ்தவாங்கருக்குப் போய்விட்டாளாம், புருசனுக்கு அங்கே எண்ணெய்க் கம்பனியில் வேலையாம். மறுபரீட்சைக்கென்று எடுத்து, முடிவு வரும்வரை நீட்டிய லீவில் நான் நின்றபோது கேக் வெட்டி அனுப்பிவிட்டார்களாம். எல்லோரும் எழுந்து கைகொடுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார்கள். எத்தனை தடவை அவளைச் சாவிலிருந்து இழுத்தெடுத்தேன்! அத்தனையும் வீண்.

கோடை விடுமுறைக்கு எங்கே போவோம் என்று கணவர் கேட்டார். ஸ்தவாங்கர் என்றேன்.

“அங்கை எங்களுக்கு ஆர் இருக்கினம்?”

“என்ரை நோயாளி ஒருத்தி இருக்கிறா.”