தாய்மாமன் வந்த வான்வழி

எட்டு வயதுவரை என் காதுகள் துளையின்றி இருந்தமைக்குக் கராச்சி நகரே காரணம். மலைமேலுள்ள தேவனூர் நாட்டில் எங்கள் குடியில், தாய்மாமன் மடியில் அமர்த்தியே பிள்ளைக்குக் காது குத்துவர். எனக்கிருந்த ஒரே மாமனோ கராச்சி வானூர்தி நிலையத்தில் அஞ்சல் மூட்டைகளை ஏற்றும் பணியில் இருந்தார். தம்பி வருவான் என்று அம்மா ஈராண்டு காத்திருந்தார். வரமாட்டான் என்பதில் அப்பாவின் தமக்கையாகிய அத்தை உறுதியாக இருந்தார்.

ஒரு கார்காலத்தில் மாமாவின் மடல் வந்தது. வீட்டில் எழுத்தறிந்தவன் நான் ஒருவனே ஆதலால், முற்றத்தில் நின்று உரக்கப் படித்தேன். வரும் வியாழனன்று விடுப்பில் புறப்படுவதாக எழுதியிருந்தார். ஊரார் வியக்கட்டும் என்றோ என்னவோ, தம் நிலையத்து வானூர்தி ஆயிரத்து முந்நூறு மைலைக் கடந்து மறுநாளே சென்னையில் இறங்கிவிடும் என்றும் சேர்த்திருந்தார். அவ்விரு செய்திகளையும் முடிச்சிட்டவன் நான்.

"மாமா ஏரோப்பிளேன்ல வர்றாரு! வெள்ளிக்கிழமை மெட்ராசு!"

நாள் குறிக்கப் பெரியப்பா அமர்ந்தார். எங்கள் மலையில் தொலைவை நடக்கும் பொழுதால் அளப்பரேயன்றி மைலால் அளப்பதில்லை. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்க அரைநாள்; ஏற ஒருநாள்.

"கராச்சி எங்க கண்ணு இருக்குது?"

"கடலோரத்துலங்க, பெரியப்பா."

"அப்ப நம்ம பக்கம் வர்றது ஏத்தமாச்சே! ஒரு நாளுங்கறத ரெண்டாப் போடு."

சென்னையும் கடலோரமே என்பது எவருக்கும் தோன்றவில்லை, படித்த எனக்குந்தான். தொடர்வண்டிக்கு ஓரிரவு, மலையேற ஒருநாள், அலுப்புத் தீர ஒருநாள் எனக் கூட்டிப் புதன்கிழமை என்று முடிவாயிற்று.

புதனன்று கிடா வெந்தது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மாமா வரவில்லை. உச்சி சாய்ந்ததும் அத்தை தொடங்கினார்.

"ஆகாசத்துல வர்றவனுக்கு நம்ம ஊரு கண்ணுல படலியாட்ட இருக்குது! ஏம்புள்ள, எங்கூட்டுக்காரரு மடியில என்ன முள்ளா மொளச்சிருக்குது? உக்கார வச்சுக் குத்துங்க."

"எந்தம்பி வருவானுங்க அண்ணி" என்றார் அம்மா.

விருந்தினர் உண்டு கலைந்தனர். அம்மா அன்று உண்ணவேயில்லை.

வெள்ளியன்று மாமா வந்து சேர்ந்தார். கால்கள் வீங்கியிருந்தன. அம்மா வாய் திறக்குமுன் அத்தை முந்திக்கொண்டார்.

"ஏனுங்க தம்பி, நெசமாலுமே பறந்துதான் வந்தீங்களா? இந்தப் பையன் ஊரையே கூட்டிப்போட்டானுங்க."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"ஆமாங்க. நடுவழியில மழ புடிச்சுக்கிச்சு. ரெண்டு நாளு எறக்கி நிறுத்திப்போட்டாங்க."

அத்தை அவருக்குக் கால் கழுவ நீர் எடுத்துவரப் போனார். ஞாயிறன்று மாமாவின் மடியில் எனக்குக் காது குத்தினர். வலியை மறக்க அவருடைய ஒரே சட்டையின் கழுத்துப்பட்டையையே பார்த்திருந்த நான், அதில் இத்தனை கரி ஏது என்றேன்.

"மழ மேகத்துக்குள்ள பூந்து வந்தா ஒட்டாதா சாமி?"

அதனைப் பள்ளியில் ஓராண்டு சொல்லித் திரிந்தேன். மூட்டை ஏற்றுவோர்க்கு வானூர்தியில் இடமில்லை என்பதும், அவர் நாள்கணக்கில் தொடர்வண்டியின் கரிப்புகையில் நெருக்குண்டு வந்தார் என்பதும் பின்னாளில் அறிந்தவை.

அச்சட்டையை ஓடையில் அம்மா துவைத்தபோது உடனிருந்தேன். நீர் கருத்து ஓடியது.

"மேகம் போகவே மாட்டேங்குதும்மா" என்றேன்.

அம்மா சிரித்தார்; சிரித்தவாறே புறங்கையால் கண்களைத் துடைத்தார். சவுக்காரம் தெறித்துவிட்டதென்று எண்ணி, என் துண்டை நனைத்து நீட்டினேன்.