மறுபடியும் ஒன்றாம் பயிற்சியிலிருந்து

அந்த ஆஸ்பத்திரியின் ஐம்பத்து நான்கு நர்ஸ்களும் அவளை ‘டூட்டி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்குக் காலை ஷிஃப்ட், யாருக்கு இரவு, யாருக்கு லீவு என்று மாதாமாதம் அட்டவணை போடும் குமாஸ்தா அவள். கட்டம் போட்ட பெரிய தாள், பென்சில், ரப்பர். ஒருத்தி லீவு கேட்டால் பதினோரு கட்டத்தை அழிக்க வேண்டியிருக்கும். மாதக் கடைசி வாரத்தில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள்.

நாற்பத்து நான்கு வயதில் புரோகிராமிங் கற்கத் துணிந்தது அந்த ரப்பரின் மேலிருந்த கடுப்பில்தான். இலவசமாகப் பைத்தான் சொல்லித்தரும் ஓர் இணையதளத்தில் சேர்ந்தாள். சின்னப் பாடம், அதன் கீழே ஒரு பயிற்சி. சரியாக எழுதினால் பச்சை டிக். தப்பென்றால் சிவப்பில் ஒரு வரி. மதியச் சாப்பாட்டைப் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

முதல் இருபது பயிற்சிகள் மளமளவென்று போயின. இருபத்தொன்றாவது நகரவே இல்லை. மற்றவர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்தில் யாரோ விடையைப் போட்டிருந்தார்கள். இந்த ஒரு தடவைதான் என்று எடுத்து ஒட்டினாள். பச்சை டிக் விழுந்தது. அதற்கப்புறம் கை தானாகவே அந்தப் பக்கத்துக்குப் போகப் பழகிவிட்டது. அறுபத்திரண்டு டிக் சேர்ந்ததும் தளத்திலிருந்து ஒரு பதக்கப் படம் வந்தது. பெருமை தாங்காமல் வீட்டுக்காரரிடம் காட்டினாள்.

அவர் லேத் பட்டறைக்காரர். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் எது எதைத் திருப்புகிறது என்று கேட்காமல் விடமாட்டார்.

“இந்த வரி என்ன பண்ணுது?”

“அது... சுத்திச் சுத்தி வரும்.”

“எத்தனை தடவை? எப்ப நிக்கும்?”

அவள் திரையை மேலும் கீழும் நகர்த்தி அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தாள். அவர் கிண்டல் செய்யவில்லை. “நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கிண்டல் செய்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் மதியம் எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்தாள். ‘உங்கள் முன்னேற்றம் முழுவதும் போய்விடும், சரியா?’ என்று திரை கேட்டது. அழுத்திவிட்டாள்.

இந்த முறை அடுத்தவர் விடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் எந்த எண் என்னவாக மாறுகிறது என்று கையால் எழுதிப் பார்த்தாள். இருபத்தொன்றாவது பயிற்சி ஒன்பது நாள் இழுத்தடித்தது. சுற்றுக்குள் உள்தள்ளி இருக்கவேண்டிய ஒரு வரி, வெளியே ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

“அடச்சீ, நீயா!” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசை டைப்பிஸ்ட் டீயைச் சிந்திவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து, டூட்டி அட்டவணையைத் தானே போடும் நிரல் ஒன்றை எழுதி முடித்தாள். தொடர்ந்து நான்கு இரவுக்கு மேல் யாருக்கும் போடக்கூடாது என்ற விதியையும் சேர்த்திருந்தாள். தலைமை நர்ஸ் ஒப்புக்கொண்டார். அடுத்த மாத அட்டவணை பலகையில் ஏறியது. அரை மணி நேரத்தில் குழந்தைகள் வார்டு நர்ஸ் படியேறி வந்தாள்.

“இந்த மாசக் கடைசி நாலு நாள் எனக்கு நைட். ஒண்ணாந்தேதியிலேருந்து இன்னும் நாலு நைட். நான் என்ன ஆந்தையாக்கா? கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுச்சா?”

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். டூட்டி அக்கா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நிரல் ஒவ்வொரு மாதத்தையும் புதிதாகத் தொடங்கியது. முந்தைய மாதம் எப்படி முடிந்தது என்று பார்க்க அவள் சொல்லியே தரவில்லை.

“கம்ப்யூட்டர் இல்லம்மா. தப்பு என்னுது. இன்னிக்கே மாத்தித் தரேன்.”

விஷயம் தலைமை நர்ஸின் காதுக்கும் போனது. “இதுக்குப் பென்சிலே மேல் போலிருக்கே?” என்றார்.

“பென்சில்லயும் இதே தப்பு ரெண்டு தடவை பண்ணியிருக்கேன் மேடம். நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. இதுல ஒரு தடவை சரி பண்ணிட்டா அப்படியே நிக்கும்.”

“சரி, சாயங்காலத்துக்குள்ள பாருங்க.”

மூன்று மணிக்குள் முந்தைய மாதத்தின் கடைசி நான்கு நாட்களையும் நிரல் படிக்கும்படி செய்துவிட்டாள். இயக்கியதும் நம்பிவிடவில்லை. ஐம்பத்து நான்கு வரிசையிலும் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினாள்.

அடுத்த மாதம் ஆபரேஷன் தியேட்டர் குமாஸ்தா வந்து, தனக்கும் அந்த நிரல் வேண்டும் என்றார்.

“தரேன் சார். ஆனா ரெண்டு மாசம் கையாலயும் போட்டு ஒத்துப் பாருங்க. உங்க பிரிவுல என்னென்ன வில்லங்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாது” என்றபடி, எழுதிக்கொள்ள நோட்டை எடுத்தாள்.