தையல்காரரின் ஞாயிற்றுக்கிழமை நடை

ஊரார் இடுப்பையெல்லாம் டேப்பால் வளைத்த தையல்காரருக்குத் தன் இடுப்பு மட்டும் கண்ணில் படவில்லை. பட வைத்தவர் டாக்டர். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. அண்ணன் ஒன்றைக் கொடுக்கலாம், எல்லாம் பொருந்துகிறது. ஆனால் இவ்வளவு கொழுப்போடு கத்தி வைக்க முடியாது, மூன்று மாதத்தில் எட்டுக் கிலோ குறைய வேண்டும் என்றார்.

தம்பிக்காக உயிரையே கொடுப்பேன் என்று கடைக்கு வருவோர் போவோரிடமெல்லாம் சொன்ன மகானுபாவர், காலைத் தூக்கத்தில் அரை மணி கொடுப்பதில் மட்டும் கறாராக இருந்தார். ஞாயிறுதோறும் நடப்பது என்று முடிவாயிற்று. நடை அரை மணி, அது முடிந்ததும் பேக்கரியில் ஒரு மணி.

"உடம்பு இன்னைக்கு எவ்வளவு உழைச்சிருக்கு! அதுக்கு ஏதாவது கொடுக்க வேணாமா?" என்று இரண்டு கேக்கை உள்ளே தள்ளுவார். நடந்த கதையைச் சொல்லிச் சொல்லியே திங்கட்கிழமையும் பசிக்கும்.

இருந்தும் பேண்ட் தளர்ந்துகொண்டே வந்தது. தையல்காரருக்குத் தராசு எதற்கு? இடுப்புப் பட்டிக்குள் இரண்டு விரலை விட்டுக் காட்டி மார்தட்டிக்கொண்டார்.

மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரித் தராசு முன்பைவிட இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டியது. தராசு பழுது என்று அவர் குதித்தபோது, கூட வந்திருந்த, கடையில் காஜா எடுக்கும் மனைவி தலை குனிந்தாள்.

"நான்தாங்க பேண்டோட பின்தையலப் பிரிச்சுப் பிரிச்சு விட்டேன். நீங்க மூச்சப் பிடிச்சுக்கிட்டு பட்டன் போடுறதப் பாக்கவே பாவமா இருந்துச்சு."

பக்கத்திலிருந்த தம்பி வீங்கிய பாதத்தைச் செருப்புக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் தையல்காரருக்கு வெட்கமாகிவிட்டது.

டாக்டர் இன்னும் மூன்று மாதம் கொடுத்தார். "இனிமே வாரத்துக்கு ஆறு நாள் நடங்க."

முதல் இரண்டு வாரம் உலகத்தையே திட்டிக்கொண்டு நடந்தார். பிறகுதான் விந்தை. பல் துலக்கியதற்கு யாராவது பரிசு கேட்பார்களா? நடையும் அப்படி ஆகிவிட்டது. பேக்கரியைக் கடக்கும்போது நாக்கு பழைய பாசத்தில் ஒரு தரம் எட்டிப் பார்த்ததோடு சரி. பத்துக் கிலோ இறங்கியது. கொழுப்பு கரைந்து தசை ஏறியிருக்கிறது என்று டாக்டரே தட்டிக்கொடுத்தார்.

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடும்போது பேனா பாதியில் நின்றதைத் தம்பி பார்த்துவிட்டான்.

"பயமா இருந்தா வேணாம்ணா."

"பயமாத்தான்டா இருக்கு. அதுக்காக இத்தனை நாள் நடந்த நடையெல்லாம் வீணாப் போகணுமா?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டார்.