ஏழாம் கட்டிலின் தாள்

ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கைக்குள் பொத்தி, சூடேறிய பிறகுதான் அந்த நர்ஸ் நோயாளியின் நெஞ்சில் வைப்பாள். "நினைவே இல்லாதவருக்குக் குளிரப் போகுதாக்கும்" என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

லீவே இல்லாமல் வேலை பார்த்த பதினெட்டாவது நாள். மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில் தலைமை நர்ஸ் ஒரு தாளோடு வந்தாள்.

"ஏழாம் கட்டில்ல யாரும்மா?"

"அந்தப் பெரியவர்தான்க்கா. காலையிலேருந்து மூச்சு வாங்குது. மணிக்கு மணி எழுதியிருக்கேனே."

"அவரு நேத்து சாயங்காலமே போயிட்டாரு. நீதானே கண்ணை மூடிவிட்டே."

திரும்பிப் பார்த்தாள். துவைத்த விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடந்தது. அவர் நெஞ்சு ஏறி இறங்கியது இவள் விரல்களில் இன்னும் இருந்தது. தாளில் ஆறு மணி நேரத்து நாடித்துடிப்பை வரிசையாக எழுதியிருந்தாள். கடைசி வரியில், 'இப்போது சற்றுத் தேவலை.'

"மேல சொல்லிடுவீங்களாக்கா? வேலை போயிடுமே."

தலைமை நர்ஸ் தாளை நாலாக மடித்துத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

"மூணு நாளைக்கு இந்தப் பக்கம் தலை காட்டாதே. போய்த் தூங்கு."

சில வருஷம் கழித்து, தலைமை நர்ஸ் ஓய்வு பெற்றபோது அந்தச் சாவி இவள் கைக்கு வந்தது. ஆளில்லாத கட்டில்களுக்கு எழுதிய தாள்கள் உள்ளே ஐந்து இருந்தன. ஒன்று இவளுடையது. மீதி நாலும் தலைமை நர்ஸின் கையெழுத்து.